குழந்தையின் சாட்சியமும் கேட்டவர் கேள்வியும்

சாரல் விழத் தொடங்கி, குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஜனங்கள் குளிக்க நிற்கிற ஆனி ஆடி மாதங்களில், ஐந்து வயதுக் குழந்தையொன்று பெற்றோருடன் வந்து குளித்துவிட்டு வீடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அருவிக்கரைக் குரங்குகள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பறிப்பதில் பேர்போனவை. ஆயினும் அன்று எந்தக் குரங்கும் இந்தக் குழந்தையின் பக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், "குரங்கு உன்கிட்ட வந்துச்சா?" என்று கேட்டால் குழந்தை அநேகமாக "இல்ல" என்றே சொல்லும். "குரங்கு எந்தக் கையாலே பழத்தைப் பிடுங்குச்சு?" என்று அவர் கேட்டுவிட்டாலோ விவகாரம் வேறு. பழம் பிடுங்கப்பட்டது என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே முடிந்துபோன காரியமாக உட்கார்ந்திருக்கிறது. குழந்தைக்கு மிச்சம் விடப்பட்டிருப்பது வலக்கையா இடக்கையா என்பது மாத்திரமே. மறுநாள் அத்தையும், அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து டீச்சரும் அதையே கேட்டுவைத்தால், குரங்கின் பல்லும் அது ஏறி ஓடிய மரமும் கீழே கிடந்த பழத்தோலும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, நடக்காத சம்பவம் ஒன்று நடந்த சம்பவம்போல் உருவாகிவிடக்கூடும். அப்படிச் சொல்லுகிற குழந்தை பொய் சொல்லவில்லை என்பதையே நாம் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

குரங்கு விஷயத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், குழந்தைக்குப் பாலியல் கொடுமை இழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வழக்கில், கண்ட சாட்சி வேறு ஒருவரும் இல்லாமல், வைத்தியப் பரிசோதனையும் ஒன்றையும் காட்டாமல், அந்தக் குழந்தையின் வாய்ச்சொல் ஒன்றே ஆதாரமாக நிற்கும்போது, அந்தச் சொல் குழந்தையின் ஞாபகத்திலிருந்து வந்ததா, கேட்டவரின் கேள்வியிலிருந்து வந்ததா என்பது ஒரு மனிதனுடைய ஆயுளையும் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தையும் ஒருங்கே தீர்மானிக்கிற பிரச்னையாகிவிடுகிறது. இந்த பேதத்தைக் கண்டறிய மனோதத்துவ சாஸ்திரத்தில் வழியுண்டா, உண்டென்றால் அச்சாஸ்திரம் கற்ற நிபுணரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாமா, கேட்டால் எதுவரையில் கேட்கலாம் என்பவை, உலகத்துப் பெரிய நியாயஸ்தலங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தென்காசிக் கோர்ட்டுக்கும் பொருந்துகிற கேள்விகளாகும்.

இந்தப் பிரச்னைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1910ஆம் ஆண்டில் பெல்ஜியம் தேசத்தில் ஒரு சிறுமி கொலையுண்டாள். அவளோடு விளையாடிய சிறுமியர், தங்களுக்கு ஒன்றும் தெரியாதென்று முதலில் சொல்லிவிட்டு, திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்ட பின்னர், விசாரித்தவர்களே எடுத்துக்கொடுத்த குறிப்புகளைப் பற்றிக்கொண்டு ஓர் ஆளைக் குற்றவாளியாகச் சொன்னார்கள். எதிரியின் பக்கத்தில் நிபுணராக அழைக்கப்பட்டவர் ஜூலியன் வாரண்டோங்க் என்னும் மனோதத்துவ அறிஞர். அவர் வெறும் தர்க்கம் பேசாமல், பள்ளிக்கூடங்களுக்குச் சென்று ஒரு பரீட்சை நடத்தினார்: மாணவர்கள் நன்றாக அறிந்த ஆசிரியர் ஒருவருடைய தாடி என்ன நிறம் என்று எழுதச் சொன்னார். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது. ஏழு வயதுக் குழந்தைகள் 18 பேரில் 16 பேர் நிறத்தைச் சொன்னார்கள். எட்டு வயதினர் 20 பேரில் 19 பேர் சொன்னார்கள். வழக்கில் எதிரி விடுதலையானார். ஆனால் வாரண்டோங்க் அத்துடன் நிற்காமல், குழந்தைகளின் பேச்சைக் கோர்ட்டில் கேட்பதையே விட்டுவிட வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். தாடிப் பரீட்சை உண்மையில் காட்டியது குழந்தையின் குறையை மட்டுமன்று, கேட்டவரின் குறையையுந்தான். கேட்டவரைத் திருத்த வேண்டிய இடத்தில் குழந்தையின் வாயை அடைக்கச் சொன்னது, நிபுணர் தம் எல்லை கடந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உதாரணமாக நிற்கிறது.

வாரண்டோங்கைவிட நிதானமாகச் சிந்தித்தவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். பிரான்சில் ஆல்பிரட் பினே, 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சிறுவர்களுக்குச் சில பொருள்களைக் காட்டி, பிறகு கண்டதைத் தாமாக எழுதச் சொன்னபோது பிழை குறைந்தும், விடையைத் தன்னுள்ளே ஒளித்துவைத்த கேள்விகளால் கேட்டபோது பிழை மிகுந்தும் வந்ததைக் காட்டினார். ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன், தானாகச் சொல்லும் வரலாற்றுக்கும் குறுக்கிட்டுக் கேட்டுப் பெறும் பதில்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, பின்னதிலே பிழை பல மடங்கு என்று கண்டார். இரண்டு பேரும் குழந்தையைப் பழிக்கவில்லை, கேள்வியைச் சோதித்தார்கள்.

குழந்தை ஏன் இப்படி இசைந்துவிடுகிறது? பெரியவர் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு விடை இருந்தே தீரும் என்று நம்புவது அதன் பழக்கம். வீட்டிலும் பள்ளியிலும் நாம் பழக்கியிருப்பதும் அதுவே. 1980ஆம் ஆண்டில் ஹியூஸ், கிரீவ் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், "பால் தண்ணீரைவிடப் பெரியதா?", "சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?" என்று அர்த்தமற்ற கேள்விகளை ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலான குழந்தைகள், இது என்ன கேள்வி என்று திருப்பிக் கேட்காமல், ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிட்டன. ஒரே கேள்வியை ஒரே மூச்சில் இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்புப்போலும் என்று எண்ணிப் பதிலை மாற்றிக்கொள்வதும் இந்தப் பழக்கத்தின் கிளையே. இதைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. ஒரு செய்தியை ஞாபகத்தில் வைப்பது ஒரு காரியம். அந்தச் செய்தி தான் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, தானே எண்ணிப் பார்த்ததா என்று அதன் பிறப்பிடத்தையும் சேர்த்து வைப்பது வேறு காரியம். இரண்டாவது சாமர்த்தியம் மூன்று, நான்கு வயதில் மிகவும் பலவீனமாயிருந்து, வயது ஏற ஏறத்தான் உறுதிப்படுகிறது. பெரியவர்களிடத்திலும் அது முழுமையாக இல்லை என்பதை, யாரோ சொன்ன கல்யாணச் சண்டையைத் தாமே நேரில் கண்டதுபோல் வர்ணிக்கிற நம் உறவினர்களைக் கொண்டே அறியலாம்.

கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த ஆராய்ச்சி மீண்டும் உயிர் பெற்றது. மிஷெல் லைக்ட்மன், ஸ்டீபன் செசி என்னும் இருவர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சை இவற்றுள் பிரசித்தமானது. பாலர் பள்ளியொன்றில் சாம் ஸ்டோன் என்ற மனிதன் வரப்போவதாகவும், அவன் எதையெடுத்தாலும் உடைக்கிற கைதவறிப் பேர்வழி என்றும் வாரந்தோறும் கதை சொல்லப்பட்டது. பின்பு ஒருநாள் சாம் ஸ்டோன் வந்தான். இரண்டு நிமிஷம் இருந்தான். எதையும் தொடாமல் போனான். அதற்குப்பின் பத்து வாரங்களில் நான்கு முறை, அவன் புத்தகத்தைக் கிழித்ததையும் கரடிப் பொம்மையை அழுக்காக்கியதையும் நடந்தவையாக வைத்துக்கொண்டு குழந்தைகளிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. கடைசியில் புதிய ஆள் ஒருவர் வந்து விசாரித்தபோது, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 72 பேர், இரண்டில் ஒன்றையாவது அவன் செய்தான் என்றார்கள். நயமாக மறுத்துக் கேட்ட பிறகும், கண்ணால் கண்டதாகவே நூற்றுக்கு 21 பேர் சாதித்தார்கள். கதையும் சொல்லாமல், எடுத்துக்கொடுக்கவும் செய்யாமல், நடந்ததைச் சொல் என்று மட்டும் கேட்கப்பட்ட குழந்தைகளோ பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள்.

இதனினும் முக்கியமான செய்தி பின்னால் வருகிறது. அந்தக் குழந்தைகள் பேசிய ஒளிப்பதிவுகளைக் குழந்தை விசாரணையில் அனுபவமுள்ள நிபுணர்களுக்குப் போட்டுக் காட்டி, எது மெய், எது பொய் என்று கேட்டபோது, அவர்களால் சரியாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கண்ணை அகல விரித்து, கையை ஆட்டி, நுணுக்கமான விவரங்களோடு சொன்ன குழந்தையே நடக்காததைச் சொன்ன குழந்தையாக இருந்தது. ஆகவே, முகத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்போம் என்று சொல்கிறவர் யாராயிருந்தாலும், அவர் நியாயாதிபதியாயினும் மனோதத்துவப் பட்டம் பெற்றவராயினும், அவரை நம்புவதற்கு ஆதாரமில்லை.

வாரக்கணக்காகக் கேட்டால்தான் இப்படி ஆகும் என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு என்று ஒன்று 1983இல் தொடங்கி, நூற்றுக்கணக்கான குழந்தைகள் விசாரிக்கப்பட்டு, 1990இல் ஒருவருக்கும் தண்டனையில்லாமல் முடிந்தது. அந்த விசாரணைகளில் கையாளப்பட்ட முறைகளை, அதாவது மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்பது, சொன்னால் கெட்டிக்காரி என்று மெச்சுவது, சொல்லாவிட்டால் முகத்தைச் சுளிப்பது, நடந்திருந்தால் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வது ஆகியவற்றை, கார்வன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998இல் மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் சோதித்தார்கள். எடுத்துக்கொடுக்கும் கேள்விகளை மட்டும் கேட்டபோது பொய்யான குற்றச்சாட்டுக்கு நூற்றுக்கு 17 பங்கு இசைவு கிடைத்தது. மற்ற முறைகளும் சேர்ந்தபோது 58 ஆயிற்று. ஒவ்வொரு விசாரணையும் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, குழந்தைகள் சொல்வதெல்லாம் கற்பனை என்று முடிவுகட்ட ஒருவர் புறப்பட்டால், அவருக்கு எதிராகவும் சாஸ்திரம் பேசுகிறது. கேரன் சேவிட்ஸ் முதலானோர் 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்து வயதும் ஏழு வயதுமான 72 சிறுமிகள் வைத்தியப் பரிசோதனை செய்யப்பட்டார்கள். பாதிப்பேருக்கு அந்தரங்க உறுப்பையும் வைத்தியர் தொட்டுப் பார்த்தார். பிறகு, நடந்ததைச் சொல் என்றபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நேராகக் கேட்டபோதுதான் சொன்னார்கள். தொடப்படாத சிறுமிகளிலோ, நேராகக் கேட்டும் ஆம் என்று பொய்யாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. வெட்கத்தால் மறைப்பது, கேள்வியால் கற்பிப்பதைவிட அரிதல்ல என்று இதனால் விளங்குகிறது. இந்திய அரசாங்கம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 12,447 குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆகவே கொடுமை மெய், மௌனமும் மெய், கேள்வியால் பிறக்கும் பொய்ஞாபகமும் மெய். மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள முடியாத ஒருவர் இத்தகைய வழக்கைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

இனி நம்முடைய சட்டத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் குழந்தைச் சாட்சிக்கு வயது வரம்பு ஒன்றும் விதிக்கவில்லை. கேள்வியை விளங்கிக்கொண்டு பகுத்தறிவோடு விடை சொல்ல முடிந்தால் போதும் என்று அதன் 118ஆம் பிரிவு சொல்லியது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 124ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் பற்றிய ராமேஷ்வர் வழக்கில், 1952இல் அச்சான தீர்ப்பில், நீதிபதி விவியன் போஸ், பிரமாணம் செய்விக்காமல் விட்டதால் சாட்சியம் செல்லாமற் போகாதென்றும், குழந்தை தன் தாயிடம் சில மணி நேரத்துக்குள் சொன்ன சொல்லே அதற்கு வலுவூட்டும் ஆதாரமாகலாமென்றும் சொன்னார். அந்தத் தீர்ப்பை இன்று படிக்கும்போது, முதலில் வந்த சொல்லுக்கு அவர் கொடுத்த மதிப்பு, பிற்கால ஆராய்ச்சியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வியப்பாயிருக்கிறது.

ஆனால் நம் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற எச்சரிக்கை வேறொன்று: குழந்தை எளிதில் வளையக்கூடியது, யாரேனும் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும், ஆகையால் ஜாக்கிரதையாக ஆராய்க என்பது. 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங் என்ற வழக்கில், தாயின் மரணத்தைப் பற்றி ஏழு வயது மகள் சொன்ன சாட்சியத்தை ஏற்று, ஹைகோர்ட் விடுதலை செய்தவருக்கு மீண்டும் ஆயுள் தண்டனை கொடுத்தபோது, சொல்லிக்கொடுத்த சாட்சியத்தை எப்படி இனங்காண்பது என்று விரிவாக விதிகள் வகுத்தது. அவை பயனுள்ள விதிகளே. எனினும் அவை எல்லாவற்றுக்கும் பின்னால், குழந்தை ஒன்று உண்மை சொல்லும், அல்லது யாரோ உருப்போட வைத்ததை ஒப்பிக்கும் என்கிற இரண்டு அறைப் பாகுபாடு நிற்கிறது. உருப்போட்ட குழந்தை குறுக்கு விசாரணையில் தடுமாறும். அதே சொற்களையே கிளிப்பிள்ளைபோல் திரும்பச் சொல்லும். பழகிய வக்கீல் அதைப் பிடித்துவிடுவார். சாம் ஸ்டோனைக் கண்ட குழந்தை எதையும் உருப்போடவில்லை. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். தான் நம்புகிறதைத் தன் சொந்தச் சொற்களில் அது சொல்கிறது. குறுக்கு விசாரணைக்கு அது தடுமாறாது. இந்த மூன்றாவது அறை நம் தீர்ப்புகளில் இன்னும் சரியாகத் திறக்கப்படவில்லை. அதைத் திறப்பதற்கே நிபுணர் வேண்டும் என்பது என் கட்சி.

திறக்கத் தடையில்லை. பழைய சட்டத்தின் 45ஆம் பிரிவு விஞ்ஞானம், கலை முதலியவற்றில் நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்றது. புதிய சட்டத்தின் 39ஆம் பிரிவு, வேறெந்தத் துறையாயினும் சரி என்று வாசலை இன்னும் அகலப்படுத்தியிருக்கிறது. நிபுணரின் கடமை என்ன என்பதையும், ஹிமாசலப் பிரதேசத்து ஆப்பிள் விவகாரம் ஒன்றில், 1999ஆம் ஆண்டின் ஜெய்லால் வழக்கில், சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது: முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறவர் நிபுணரல்லர், முடிவைச் சோதிப்பதற்கு வேண்டிய சாஸ்திர அளவுகோல்களை நியாயாதிபதியின் கையில் கொடுத்து, அவரே சுயமாகத் தீர்மானிக்கச் செய்கிறவரே நிபுணர். ஆப்பிளுக்குச் சொன்ன இந்த இலக்கணம் குழந்தையின் சாட்சியத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

பிற தேசங்கள் இந்த வழியில் தடுக்கி விழுந்தும் எழுந்தும் நடந்திருக்கின்றன. ஜெர்மனியின் உச்ச நியாயஸ்தலம் 1954இலேயே, குழந்தையின் சொல் ஒன்றையே நம்பியிருக்கும் வழக்குகளில் மனோதத்துவ நிபுணரை அழைக்க வேண்டும் என்றது. 1999இல், அந்த நிபுணர் எந்த முறையில் ஆராய வேண்டும் என்பதற்கும் விதி செய்தது. சொல்லப்பட்டது உண்மையன்று என்ற அனுமானத்திலிருந்து தொடங்கி, கிடைத்த செய்திகளோடு அந்த அனுமானம் பொருந்தவே பொருந்தாது என்று கண்ட பின்னரே அதைக் கைவிட வேண்டும் என்பது அந்த விதி. கேட்பதற்குக் கடுமையாயினும், இது குழந்தையைச் சந்தேகிப்பதன்று. எந்த விஞ்ஞானியும் தன் கொள்கைக்கு எதிராகவே முதலில் வாதாடிப் பார்ப்பதைப் போன்றது. ஆயினும் ஜெர்மானிய நிபுணர் கடைசியில் இந்தச் சாட்சியம் நம்பத்தக்கதா என்றே அபிப்பிராயம் சொல்கிறார். அவ்வளவு தூரம் போக நமக்குத் துணிவு வரக்கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் நியூஜெர்சி காட்டிய வழி அடக்கமானது. அங்கே பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் 115 குற்றங்களுக்காக 1988இல் தண்டிக்கப்பட்டு, 47 ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டார். அந்த விசாரணையில் நிபுணர் இல்லாமலில்லை. அரசாங்கத்தின் பக்கம் ஒரு நிபுணர் நின்று, குழந்தைகளின் நடத்தையெல்லாம் கொடுமைக்கு உள்ளானதன் அடையாளமே என்று சாட்சி சொல்லியிருந்தார். மேல்முறையீட்டில் 1993இல் தண்டனை ரத்தாயிற்று. 1994இல் மாநில உச்ச நீதிமன்றம், மைக்கேல்ஸ் வழக்கு என்று வழங்கும் தீர்ப்பில், விசாரணை முறை குழந்தைகளின் சாட்சியத்தைக் கறைப்படுத்தியிருக்கலாம் என்பதற்குச் சிறிது ஆதாரம் காட்டப்பட்டாலும், அந்தச் சாட்சியம் இன்னும் நம்பத்தக்கதாயிருக்கிறது என்று தெளிவான சான்றோடு மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று சொல்லி, அதற்கென ஒரு முன்விசாரணையையும் ஏற்படுத்தியது. நிபுணர், கேள்விகள் எப்படிக் கேட்கப்பட்டன, அவை எத்தகைய ஆபத்துடையவை என்று சொல்லலாம். இந்தக் குழந்தை மெய் சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று சொல்லக்கூடாது. அந்த ஆசிரியை மீண்டும் விசாரிக்கப்படவேயில்லை. அதே நீதிமன்றம் 2018இல், கொடுமைக்குள்ளான குழந்தைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு நடத்தைக் கூட்டம் உண்டென்று அரசாங்கத் தரப்பு நிபுணர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கொள்கையில், தாமதித்துச் சொல்வது என்ற ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குப் போதிய விஞ்ஞான ஆதாரமில்லை என்று ஒதுக்கியது. எதிரிக்காக வந்த நிபுணராயினும் அரசுக்காக வந்த நிபுணராயினும் ஒரே உரைகல்.

ஜூரி முறை இருக்கும் தேசங்களில், நிபுணரின் பட்டத்தைக் கண்டு ஜூரிகள் மயங்கிவிடுவார்களே என்ற பயம் உண்டு. நம்மிடம் ஜூரி இல்லை. எழுத்தில் காரணம் காட்டித் தீர்ப்பெழுதும் நியாயாதிபதியே இருக்கிறார். அந்தத் தீர்ப்பை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை மறுபடி நிறுத்துப் பார்க்கிறது. ஆகவே அந்தப் பயம் இங்கே பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது.

நிபுணருக்கு வேண்டிய பொருள் ஒன்றுதான்: முதல் விசாரணையின் முழுப்பதிவு. அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரும் ஊகமே செய்ய வேண்டியிருக்கும். இங்கேதான் நம்முடைய இடர்ப்பாடு. தென்காசிப் பக்கத்துக் கிராமமொன்றில் பீடி சுற்றுகிற ஒரு தாய், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏழு வயது மகள் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைக் காண்கிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மடியில் பீடித் தட்டு இருக்கிறது. "ஏட்டி, என்னத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று அவள் கேட்டவரையில் கேள்வி நன்றாயிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்து நெஞ்சு பதறியவுடன், "அந்த ஆளு ஒன்னையத் தொட்டானா? எங்க தொட்டான்? இங்கயா? சொல்லுட்டி, அம்மா அடிக்க மாட்டேன்" என்று கேள்வி உருமாறுகிறது. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. பதறாத தாய் எங்கே இருக்கிறாள்? ஆயினும் அந்த நான்கு கேள்விகளில் மூன்று, செய்தியைக் கொடுத்துவிட்டு ஆமோதிப்பைக் கேட்கின்றன. பிறகு பாட்டி கேட்கிறாள், தலைமையாசிரியர் கேட்கிறார், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார், மாஜிஸ்டிரேட் கேட்கிறார், கோர்ட்டில் வாய்தாவுக்கு முந்தின நாள் அரசு வக்கீல் கேட்கிறார். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. கம்பனுடைய ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார் என்பார்கள். அது பாட்டுக்கு ஏற்றம், சாட்சியத்துக்கு நாசம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்காக 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டம் இந்த அபாயத்தை முற்றிலும் அறியாததன்று. போலீசார் சீருடையின்றி, குழந்தைக்கு இசைந்த இடத்தில் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. இயன்றவிடத்தெல்லாம் ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. இரு தரப்பு வக்கீல்களும் தங்கள் கேள்விகளை நியாயாதிபதியிடம் கொடுக்க, அவரே குழந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. மனோதத்துவமும் குழந்தை வளர்ச்சியும் கற்ற நிபுணர்களின் உதவியை 39ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அது குழந்தைக்குத் துணையாயிருக்கும் நிபுணரைப் பற்றியதே தவிர, கோர்ட்டுக்கு விளக்கம் சொல்லும் நிபுணரைப் பற்றியதன்று. ஒருவரே இரண்டு வேலையையும் பார்க்கக்கூடாது. ஆறுதல் சொல்கிறவர் சந்தேகிக்க மாட்டார், சந்தேகிக்க வேண்டியவர் ஆறுதல் சொன்னால் வேலை கெடும். மேலும், 29ஆம் பிரிவு சில குற்றங்களில் எதிரியே குற்றம் செய்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. சுமை இப்படி எதிரியின் தோளுக்கு மாறியிருக்கும்போது, கேள்விகளின் சரித்திரத்தைக் காட்ட அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டாமா? 26ஆம் பிரிவில் 'இயன்றவிடத்தெல்லாம்' என்று இருப்பதை எடுத்துவிட்டு, பதிவைக் கட்டாயமாக்கினால் போதும். ஒவ்வொரு காவல் நிலையத்து ஊழியரின் சட்டைப்பையிலும் படம் பிடிக்கிற கைப்பேசி இருக்கிற காலத்தில் இயலாமை என்பது நம்பும்படியான சமாதானமன்று.

பதிவு எதிரிக்கு மட்டும் உதவும் என்று நினைப்பது தப்பு. நன்றாகக் கேட்கப்பட்டது என்று பதிவு காட்டினால், சொல்லிக்கொடுத்த சாட்சியம் என்று எதிர்த்தரப்பு எழுப்புகிற வழக்கமான கூச்சல் அந்த நிமிஷமே அடங்கிவிடும். அமெரிக்கக் குழந்தை நல ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் லாம்ப் முதலானோர் வகுத்த விசாரணை முறையில், தெரியாததற்குத் தெரியாது என்று சொல், நான் தப்பாகச் சொன்னால் என்னைத் திருத்து என்று முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு நாளைப் பற்றிப் பேச வைக்கிறார்கள். நம் ஊரில் அது தென்காசிக் கோயில் தேரோட்டமாக இருக்கலாம். குழந்தை தன் போக்கில் பேசப் பழகிய பின்னரே, "நீ ஏன் இங்கே வந்திருக்கிறாய் என்று சொல்லு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லு" என்று ஆரம்பிக்கிறார்கள். குழந்தையே எடுத்த பேச்சைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று நடத்திச் செல்கிறார்கள். இதைக் கற்க மாதக்கணக்கான பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் நின்றவுடன் பழைய கேள்விப் பழக்கம் திரும்பி வந்துவிடுகிறது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பெற்றோரும் ஆசிரியரும் இருப்பீர்கள். குழந்தை தானாக ஏதேனும் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், "என்ன நடந்துச்சு?" என்பதற்குமேல் கேட்காதீர்கள், ஆள் பெயரையும் உடம்பின் இடத்தையும் நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அது சொன்ன சொற்களை அது சொன்னபடியே, நீங்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து, தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதிவையுங்கள். அக்கம்பக்கத்தாரை அழைத்து மறுபடி சொல்ல வைக்காதீர்கள். பிறகு காலதாமதமின்றிப் போலீசுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.